ஒரு மணி நேரப் பறப்பு, ஆறு மணி நேரப் பயணம்

"அக்கா, பாரிஸிலிருந்து பார்சலோனாவுக்கு விமான டிக்கெட் 30 யூரோ காட்டுகிறது. ரயிலுக்கு அதைப்போல் மூன்று மடங்கு. அதுவும் ஏழு மணி நேரம். வீட்டில் எல்லாரும் விமானம்தான் என்கிறார்கள். நீங்கள் ரயிலில் போனீர்களாமே, ஏன்?"

கிள்ளானைச் சேர்ந்த நேயர் ஒருவர் காலை நிகழ்ச்சி முடிந்த கையோடு அனுப்பிய குரல் பதிவு இது. திருமணமாகி இரண்டு வருடம். மாமனார், மாமியாரையும் சேர்த்து நான்கு பேராகப் போகிறார்கள். போனஸ் பணத்தைத் தொடாமல் சேர்த்து வைத்த பயணம். பெரியவர்களுக்கு ஐரோப்பா இதுதான் முதலும் கடைசியுமாக இருக்கலாம் என்று அவரே சொன்னார். வானொலியில் எனக்குக் கிடைப்பது இரண்டு பாட்டுக்கு நடுவே 40 விநாடி. அதில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

சென்ற முறை நாங்களும் நான்கு பேர்தான். அப்பா, அம்மா, தம்பி, நான். அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு முழங்கால் வலி. லண்டன், பாரிஸ், பார்சலோனா, மாட்ரிட், ரோம், மிலான் என்று போனோம். நடுவில் ஒரே ஒரு விமானம், மற்றதெல்லாம் ரயில். ரயில்தான் உயர்ந்தது என்று சாதிக்க வரவில்லை. சில இடங்களில் விமானமே சரி. எந்த இடத்தில் எது என்பதுதான் விஷயம்.

நம் ஊரில் இந்தக் கேள்வி எழுவதே குறைவு. பினாங்குக்குப் போக வேண்டுமானால் இ.டி.எஸ். இருக்கிறது, பட்டர்வொர்த் வரை நான்கு மணி நேரம் சொச்சம். சிங்கப்பூர் என்றால் பேருந்து, இல்லாவிட்டால் விமானம். அதிவேக ரயில் வரும் வரும் என்று காத்திருந்தோம். 2021 புத்தாண்டு நாளில் திட்டம் ரத்து என்று அறிவித்துவிட்டார்கள். அதனால் 'தூரம் என்றால் விமானம்' என்பது நம் மனத்தில் பதிந்துபோயிருக்கிறது. ஐரோப்பாவில் அந்தக் கணக்கை வேறு மாதிரி போட வேண்டும்.

லண்டன் - பாரிஸை எடுத்துக்கொள்வோம். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். ஆனால் யாரும் விமான நிலையத்தில் குடியிருப்பதில்லை. லண்டன் நகருக்குள் ஒரு விடுதியிலிருந்து பெட்டிகளோடு ஹீத்ரோ போய்ச் சேர ஒரு மணி நேரம். வெளிநாட்டுப் பயணம், ஆகவே இரண்டு மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். இறங்கியதும் குடிநுழைவு வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பு, இதற்கெல்லாம் ஒரு மணி நேரம். பிறகு சார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்து பாரிஸ் நகருக்கு முக்கால் மணி நேரம். கூட்டிப் பாருங்கள், ஆறு மணி நேரம்.

அதே தூரத்துக்கு யூரோஸ்டார் ரயிலில் இரண்டேகால் மணி நேரம்தான். கடலுக்கு அடியில் 50 கிலோமீட்டர் சுரங்கம், 1994-இல் திறந்தது. லண்டன் செயிண்ட் பாங்கிராஸ் நிலையம் நகருக்குள்ளேயே இருக்கிறது. பிரெஞ்சு அதிகாரிகள் அங்கேயே உட்கார்ந்து கடப்பிதழைச் சோதித்துவிடுவார்கள். பாரிஸில் இறங்கியதும் நேராக வெளியே நடக்கலாம். ரயில்தானே என்று பத்து நிமிடம் முன்னதாக மட்டும் போய் நிற்காதீர்கள். இது இ.டி.எஸ். மாதிரி இல்லை. பெட்டிச் சோதனை, குடிநுழைவுச் சோதனை இரண்டும் உண்டு. ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். 2025 அக்டோபரிலிருந்து ஐரோப்பாவுக்குள் நுழையும் நம்மைப் போன்றவர்களின் கைரேகையையும் முகப்படத்தையும் பதிவு செய்யும் முறை படிப்படியாக வந்திருக்கிறது, அதனால் வரிசை நீளலாம். எல்லாம் சேர்த்தாலும் வாசலிலிருந்து வாசலுக்கு நாலரை மணி நேரம். பிரிட்டனுக்கு இப்போது மலேசியர்கள் முன்கூட்டியே இணையத்தில் பயண அனுமதி எடுக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பலர் மறந்துவிடுகிறார்கள்.

நான் வேலை செய்யும் இடத்தில் நேரத்தை விநாடியில் எண்ணுவார்கள். அந்தப் பழக்கமோ என்னவோ, எனக்கு மொத்த நேரத்தைவிட 'உடையாத நேரம்' முக்கியமாகப் பட்டது. விமானப் பயணத்தின் ஆறு மணி நேரம் பத்துத் துண்டாக உடைந்திருக்கும். எழு, நில், காலணியைக் கழற்று, பெல்ட்டைக் கழற்று, மறுபடி நட, மறுபடி நில். முழங்கால் வலி இருப்பவர்களைக் கேளுங்கள், ஒவ்வொரு துண்டும் என்ன விலை என்று சொல்வார்கள். ரயிலில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

இன்னொன்று. பாரிஸ் கார் து நோர் நிலையத்தை விட்டு வெளியே வந்து பத்து நிமிடம் நடந்தால் லா ஷாப்பல். ஈழத்து உறவுகளின் கடைகள் வரிசையாக நிற்கும் தெருக்கள். தமிழில் பெயர்ப்பலகை, நகைக்கடை, புடைவைக்கடை, கொத்துரொட்டிச் சத்தம், பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் ஆலயம். ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் பிள்ளையார் தேர் பாரிஸ் தெருவில் ஓடுகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். லண்டனில் காலை உணவு சாப்பிட்ட நாங்கள், பகல் உணவுக்கு அங்கே இடியாப்பமும் சொதியும் சாப்பிட்டோம். அம்மா கடைக்காரரிடம் பெயர், ஊர் எல்லாம் விசாரித்துவிட்டார். மலிவு விமானத்தில் வந்திருந்தால் அந்நேரம் நாங்கள் போவே நகரில் ஒரு பேருந்துக்கு நின்றிருப்போம்.

போவே பற்றிச் சொல்ல வேண்டும். கிள்ளான் நேயர் பார்த்த 30 யூரோ டிக்கெட் அங்கிருந்துதான் புறப்படுகிறது. டிக்கெட்டில் 'பாரிஸ்' என்று இருக்கும். இடம் பாரிஸிலிருந்து 85 கிலோமீட்டர். கோலாலம்பூர் விமான நிலையம் என்று பெயர் வைத்து தஞ்சோங் மாலிமில் இறக்கிவிட்டால் எப்படி இருக்கும்? அது மாதிரி. பிராங்பர்ட் - ஹான் என்று ஒன்று இருக்கிறது, பிராங்பர்ட் நகரிலிருந்து 120 கிலோமீட்டர். பிரஸ்ஸல்ஸ் பெயரில் சார்லெரோய், பார்சலோனாவை நம்பி ஜிரோனா. பேருந்துக்குத் தனிக் காசு, தனி நேரம். விடிகாலை விமானம் என்றால் அந்தப் பேருந்தைப் பிடிக்க நடுச்சாமத்தில் எழுந்து வாடகைக் கார் பிடிக்க வேண்டும்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிக்கெட் 30 யூரோ. பெரிய பெட்டி ஒன்றுக்கு 35. இரு முனையிலும் விமான நிலையப் போக்குவரத்துக்கு 25. குடும்பமாகப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார இருக்கைக் கட்டணம் 8. ஆக 98 யூரோ. ஒரு யூரோ ஐந்து ரிங்கிட் என்று வைத்தால் 490 ரிங்கிட். இப்போது 90 யூரோ ரயில் டிக்கெட்டைப் பாருங்கள். இந்த எண்கள் நாளுக்கு நாள் மாறும். முதலில் கண்ணில் படும் விலையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். மலிவு விமான நிறுவனங்கள் சிறிய கைப்பை ஒன்றைத்தான் இலவசமாக விடுகின்றன. வாயிலில் ஒரு சட்டம் வைத்திருப்பார்கள், பை அதற்குள் இறங்க வேண்டும். மாட்ரிட்டில் தம்பியின் முதுகுப்பைக்கு அந்தச் சோதனை நடந்தது. அரை அங்குலத்துக்கு மல்லுக்கட்டிப் பார்த்தான். கடைசியில் இரண்டு ஜாக்கெட்டை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்க ஏறினான்.

ரயிலில் எடை போடும் தராசு இல்லை. யூரோஸ்டாரில் ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒரு கைப்பை. திரவம் 100 மில்லி லிட்டர் என்ற விதியும் இல்லை. அம்மாவின் நெத்திலிச் சம்பல் போத்தல் லண்டனிலிருந்து மிலான் வரை எங்களோடு வந்தது, மாட்ரிட் - ரோம் விமானத்துக்கு மட்டும் பெரிய பெட்டிக்குள் போனது. ஒன்றை மறக்காதீர்கள். பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டு போகக் கூடாது. ரெண்டாங்கை வீட்டிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

சரி, அந்த ஏழு மணி நேரம்? பாரிஸ் - பார்சலோனா தூரம்தான் உண்மையிலேயே தடுமாற வைக்கும் தூரம். ரயில்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் என்றால் மக்கள் பெரும்பாலும் ரயிலுக்கு வந்துவிடுவார்கள். நான்கு மணி நேரம் என்றால் பாதிக்குப் பாதி. ஐந்தைத் தாண்டினால் விமானம்தான். நேரத்தை மட்டும் பார்த்தால் பாரிஸ் - பார்சலோனாவுக்கு விமானமே நல்லது, வாசலிலிருந்து வாசலுக்கு இரண்டு மணி நேரமாவது மிச்சம். ஓர் இரவு மட்டும் பார்சலோனாவில் தங்குகிறவர் ரயிலில் போனால் பகல் போய்விடும். அவருக்கு நான் விமானத்தையே சொல்வேன்.

நாங்கள் ரயிலில் போனதற்குக் காரணம் அப்பா. முப்பது வருடம் பெட்டிகளைப் பழுது பார்த்தவர், மணிக்கு 300 கிலோமீட்டரில் ஓடும் ரயிலில் ஒருமுறையாவது உட்கார வேண்டும் என்றார். பிரான்ஸின் டி.ஜி.வி. 1981-இல் பாரிஸ் - லியோன் பாதையில் ஓடத் தொடங்கியதிலிருந்து அவர் செய்தித்தாள் துண்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் அவர் சொன்ன முதல் வார்த்தை, "சத்தமே இல்லையே." தண்டவாள இணைப்புகளைப் பற்றவைத்து ஒரே நீளமாக்கியிருப்பதால் நாம் சிறுவயதில் கேட்ட தடக் தடக் அங்கே கிடையாது. நம் ரயில் ஒரு மீட்டர் அகலப் பாதையில் ஓடுகிறது, அவர்களுடையது 1,435 மில்லி மீட்டர். ஸ்பெயினின் பழைய பாதை இன்னும் அகலம், 1,668. அதனால்தான் அதிவேக ரயிலுக்கென்று அவர்கள் புதிதாகவே பாதை போட்டார்கள், பிரான்ஸ் பாதையோடு சேர வேண்டும் அல்லவா. இதையெல்லாம் அப்பா எங்களுக்கு நீமில் தொடங்கி மோன்பெலியே வரை விளக்கினார். தம்பி தூங்கிவிட்டான்.

நார்போன் பக்கம் வந்தால் தூங்கக் கூடாது. ரயில் உப்பேரிகளுக்கு நடுவே போகும், இரண்டு பக்கமும் தண்ணீர். பூநாரைகள் கால் நனைத்து நிற்கும். பிறகு பிரனே மலைக்கு அடியில் எட்டு கிலோமீட்டர்ச் சுரங்கம். அந்தப் பக்கம் வந்தால் ஸ்பெயின். விமானத்தில் இதெல்லாம் மேகத்துக்குக் கீழே போய்விடும். ஆனால் ஒரு விஷயம். இந்த ரயில் இரண்டு அடுக்கு. மேல் அடுக்கில்தான் காட்சி நன்றாக இருக்கும், ஏறுவதற்குப் படி உண்டு. ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கும் மேல் அடுக்கு வழியாகத்தான் போக முடியும், சிற்றுண்டிப் பெட்டிக்கும் அப்படித்தான். முழங்கால் வலிக்காரர்களுக்குக் கீழ் அடுக்கில் இருக்கை எடுங்கள், சாப்பாட்டைக் கையோடு கொண்டு போங்கள். நாங்கள் லா ஷாப்பலில் வாங்கிய எலுமிச்சைச் சாதத்தைக் கொண்டுபோனோம்.

பார்சலோனா - மாட்ரிட்டில் பேச்சே இல்லை, ரயில்தான். 621 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து பாடாங் பெசார் போவதைவிட அதிகம். விரைவு ரயில் இரண்டரை மணி நேரத்தில் போய்விடும். ஒருகாலத்தில் உலகிலேயே மிக நெரிசலான விமானத் தடங்களில் இதுவும் ஒன்று. 1974-லிருந்து பேருந்து போல வரிசையாக விமானம் விட்டார்கள். 2008-இல் அதிவேக ரயில் முழுப் பாதையிலும் ஓடத் தொடங்கியதும் நிலைமை தலைகீழ். 2021-இல் பிரான்ஸின் உய்கோ, 2022-இல் இர்யோ என்று போட்டி நிறுவனங்கள் அதே பாதையில் இறங்கின, கட்டணமும் குறைந்தது. பெட்டியில் வேகம் காட்டும் திரை உண்டு. 300-ஐத் தொட்டதும் அப்பா படம் எடுத்து செந்தூல் நண்பர்கள் குழுவுக்கு அனுப்பினார். பதில் வந்தது: "நம்ம 140-க்கே நாம கும்பிட்டோம்."

மாட்ரிட்டிலிருந்து ரோமுக்கு விமானம். யோசிக்கவே இல்லை. நடுவில் கடல். ரயிலில் போனால் பல இடங்களில் மாறி, ஒரு நாளுக்கு மேல் ஓடும். விமானத்தில் இரண்டரை மணி நேரம். வரைபடத்தில் கிட்டத்தில் தெரிவதை நம்பவும் கூடாது. லிஸ்பனும் மாட்ரிட்டும் அக்கம்பக்கத்துத் தலைநகரங்கள், நேரடி ரயில் கிடையாது. இருந்த இரவு ரயிலும் 2020-இல் நின்றுபோனது. அங்கே விமானம்தான். ஏதென்ஸ் போகிறவர்களுக்கும் அதே பதில்.

விமான நிலையத்தில் எங்களுக்கு ஒரு நிம்மதி கிடைத்தது, அதையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி. வாசலிலிருந்து விமானக் கதவு வரை ஓர் ஆள் தள்ளிக்கொண்டு போனார். ரயில் நிலையங்களிலும் இந்த உதவி இலவசமாகவே உண்டு, 24 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும். விமானத்துக்கு 48 மணி நேரம். ஆனால் ரயிலில் பெட்டியைத் தூக்கி ஏற்றுவது நாம்தான். படி உயரம், நேரம் குறைவு. பாரிஸில் எந்த மேடை என்பதையே புறப்பட இருபது நிமிடம் இருக்கும்போதுதான் பலகையில் போடுவார்கள், கூட்டம் மொத்தமாக ஓடும். இளைஞர் ஒருவரும் கூட இல்லாமல் பெரியவர்கள் இருவர் மட்டும் பெரிய பெட்டிகளோடு போகிறார்கள் என்றால் விமானம்தான் எளிது. பெட்டியைக் கதவருகே அடுக்கில் வைத்துவிட்டுத் தூங்கவும் வேண்டாம். நடுவழி நிலையங்களில் கை வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

தாமதத்தையும் கணக்கில் வையுங்கள். ஐரோப்பிய ரயில் என்றால் கடிகாரம் மாதிரி என்று நினைப்போம். சுவிட்சர்லாந்துக்கு அது பொருந்தும். ஜெர்மனியில் 2024-இல் தொலைதூர ரயில்களில் பத்துக்கு ஆறு சொச்சம்தான் நேரத்துக்கு வந்தன, அதுவும் ஆறு நிமிடம் வரை தாமதத்தை மன்னித்துவிட்டு. தாமதமாக வரும் ஜெர்மன் ரயில்களை சுவிஸ்காரர்கள் பாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புகிறார்கள். ஜெர்மனியில் ரயில் மாற வேண்டியிருந்தால் இடையில் ஒரு மணி நேரம் விடுங்கள், முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். அப்போதுதான் தவறவிட்டால் அடுத்த ரயிலில் ஏற உரிமை இருக்கும். ஒன்றிய விதிப்படி ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 விழுக்காடும், இரண்டு மணி நேரமானால் 50 விழுக்காடும் திரும்பக் கேட்கலாம். விமானத்துக்கு மூன்று மணி நேரத் தாமதத்தில் 250 யூரோவிலிருந்து தொடங்கும். வானிலை போன்ற காரணம் என்றால் இரண்டிலும் கிடைக்காது.

ரோம் - மிலான் மூன்று மணி நேரம் சொச்சம், இரண்டு நிறுவனங்கள் போட்டி போட்டு ஓட்டுகின்றன. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அவ்வளவு சுலபம்.

டிக்கெட்டை மூன்று நான்கு மாதம் முன்னதாக வாங்குங்கள். அதிவேக ரயில் கட்டணம் விமானம் மாதிரியே நாளாக ஆக ஏறும். நாள் கிட்டவந்து பார்த்துவிட்டு ரயில் விலை அதிகம் என்பவர்கள் ஏராளம். ஐந்தாறு நகரம் போகும் குடும்பத்துக்கு யூரேல் பாஸ் உதவும். பெரியவர் ஒருவரோடு 4 முதல் 11 வயதுப் பிள்ளைகள் இருவர் வரை இலவசம். ஆனால் பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி அதிவேக ரயில்களிலும் யூரோஸ்டாரிலும் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனிக் காசு கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். லண்டனில் இறங்கி, மிலானிலிருந்து ஊர் திரும்புவது போல டிக்கெட் எடுத்தால் வந்த வழியே திரும்பிப் போகும் அலைச்சலும் மிச்சம்.

சுற்றுச்சூழலுக்காக ரயிலில் போனேன் என்று நான் சொன்னால் அது பொய். கோலாலம்பூரிலிருந்து பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்துவிட்டு, பாரிஸில் மரம் நட்டது மாதிரி பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் வித்தியாசம் பெரிது. மின்சாரத்தில் ஓடும் ரயில், அதுவும் அணுமின்சாரம் மிகுந்த பிரான்ஸில், விமானம் விடும் புகையில் சிறு பங்குதான் விடுகிறது. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயில் இருந்தால் உள்நாட்டு விமானம் கூடாது என்று பிரான்ஸ் சட்டமே போட்டிருக்கிறது. 2023-இல் அமலான பிறகு நின்றவை பாரிஸ் ஓர்லியிலிருந்து லியோன், நான்ட், போர்தோ போகும் மூன்று தடங்கள்தாம். சட்டம் பெரிது, பலன் சிறிது என்று அங்கேயே கேலி செய்கிறார்கள். அனைத்துலக விமானங்களுக்கான எரிபொருளுக்கு வரி இல்லாத வரை 30 யூரோ டிக்கெட் இருந்துகொண்டுதான் இருக்கும்.

கிள்ளான் நேயருக்கு நான் கடைசியில் சொன்னது இதுதான். பார்சலோனாவில் மூன்று இரவு தங்குவதால் ரயிலில் போங்கள், கீழ் அடுக்கு, காலை ரயில். மாமனாருக்கு ஜன்னல் இருக்கை. டிக்கெட் எடுத்துவிட்டதாகச் செய்தி அனுப்பினார், ஆளுக்கு 79 யூரோவாம்.

எங்கள் வீட்டில் அடுத்த திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. வியன்னாவிலிருந்து வெனிஸுக்கு நைட்ஜெட் இரவு ரயில். படுத்துத் தூங்கிக்கொண்டே போகலாம், காலையில் ரொட்டியும் காப்பியும் கொடுத்து எழுப்புவார்கள். ஓர் இரவு விடுதிச் செலவும் மிச்சம் என்று அப்பா கணக்குப் போட்டுக் காட்டினார். அம்மா சம்மதித்துவிட்டார், தனி அறை, கீழ்ப் படுக்கை, பக்கத்து அறையில் குறட்டை விடும் தம்பி என்ற மூன்று நிபந்தனைகளோடு.